சம்பளத் துண்டில் தடம் மாறும் தொகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோல் கணினிக்கு மாறிய பின் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சம்பளத் துண்டு தமிழிலேயே வருகிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த மாதமொன்றில் என் தாயாருக்குக் கிடைத்த துண்டில், பதினேழரைப் பேருக்குரிய (ஒரு நாள் வேலையே ஒரு ‘பேர்’) 23,625 ரூபாய் ‘23625.0’ என்றும், ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடித்த 8 வீதம் ‘1890.0’ என்றும் அச்சாகியிருந்தன. மை மங்கி, புள்ளி சரியாகத் தெரியவில்லை. அதைவிட மோசம், அந்த 1890 தனக்குரிய தலைப்பின் கீழ் நில்லாமல் பக்கத்திலிருந்த ‘தீபாவளி முற்பணம்’ என்பதன் கீழ் நின்றது. முற்பணத்தைத்தான் கட்டி முடித்துவிட்டோமே என்று அம்மா அன்றிரவு தூங்கவேயில்லை.

இது கணக்குப் பிழையன்று, அச்சிடும் கணினி நிரலின் பிழை. பெயருக்கு இருபது இடம் ஒதுக்கி, மீதியை வெற்றிடத்தால் நிரப்பும்படி நிரலில் எழுதுகிறார்கள். ‘லெட்சுமி’, ‘கமலம்’ இரண்டும் நமக்கு நான்கெழுத்துப் பெயர்கள்தாம். கணினியோ கொம்பு, புள்ளி, விசிறி ஒவ்வொன்றையும் தனித்தனி யுனிகோட் குறியாக (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியாக) எண்ணுவதால், பைத்தன் போன்ற நிரல் மொழியில் முதலாவது 8 ஆகவும் இரண்டாவது 5 ஆகவும் கணக்காகின்றன. ஒரு குறிக்கு மூன்று பைட்டு (நினைவக அலகு) என, பைட்டுகளை எண்ணும் சி மொழியில் ‘லெட்சுமி’ 24 ஆகி, ஒதுக்கிய இடத்தையே தாண்டிவிடுகிறது. பிறகு வரும் தொகைகள் தடம் மாறாமல் என்ன செய்யும்? ‘செல்வராஜ்’ என முடியும் நீளமான பெயரை இதே கணக்கில் வெட்டும்போது, வெட்டு கடைசிப் புள்ளிக்கு முன் விழுந்தால் அது புள்ளியிழந்து ‘செல்வராஜ’ ஆகிவிடும். உரியவருக்கு அது அவமதிப்பு.

தமிழெழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், எழுத்தை முழுதாக எண்ணினாலும் வெற்றிடத்தால் இதைச் சரிசெய்ய முடியாது. தொகைகளைத் தனித்தனிக் கட்டங்களில் வலப்புறம் ஒட்டி நிறுத்துவதே வழி. காற்புள்ளியும் இரண்டு தசம தானங்களும் இட்டு 23,625.00 என்று காட்ட, பைத்தனில் ஒரு சிறிய குறிப்பே போதும். கணினியில் ‘தமிழ்’ என்று மட்டும் தெரிவுசெய்தால் இந்திய வழக்கப்படி 1,25,000 என்று வரக்கூடும். இலங்கையில் நாம் எழுதுவது 125,000.

நிரல் எழுதுவோரும் அதை வாங்கும் தோட்ட நிர்வாகங்களும், தோட்டத்தின் ஒரு டிவிஷன் (பிரிவு) முழுவதற்கும் அச்சிடுமுன் லெட்சுமி, கமலம், செல்வராஜ் ஆகிய மூன்று பெயர்களையும் இட்டு ஒரு தாளை எடுத்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.