தண்டப்பணத்தை அறவிடுங்கள்

எங்கள் வாய்க்காலின் கமக்கார அமைப்புத் தலைவருக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை இரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். செய்தவர் யாரென்பதும் தெரியும். ஆகவே பெயர் எழுதவில்லை.

இரவு பத்திலிருந்து நான்கு மணிவரை தண்ணீர் பாய்ச்ச என் முறை. ரோச் லைட்டும் மண்வெட்டியுமாக, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வக்கடையில் குந்தியிருந்தேன். பன்னிரண்டு மணியாகியும் வாய்க்காலில் ஈரம்கூட இல்லை. ஒரு மணிக்குக் கட்டு வழியே மேலே நடந்தேன். யானைப் பயம் வேறு. மூன்றாவது வளைவில் யூரியாப் பைகளில் மண் நிரப்பி, வாய்க்காலைக் குறுக்கே அடைத்து, மேலே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அந்த வைக்கோல்தான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. தவறென்று தெரியாதவர் எதற்காக மூடி மறைக்க வேண்டும்? ஐந்து பைகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டில் போட்டேன். தண்ணீர் என் வக்கடைக்கு வந்தபோது மூன்றே முக்கால். கால் மணிநேரம் பாய்ந்தது. நான்கு மணிக்கு நானே வக்கடையை அடைத்தேன். அடுத்தது கடைசி வயலின் முறை. அவருடைய நெல்லும் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில்தான் நிற்கிறது. குடலையில் காய்ந்தால் கதிரில் மணியில்லாச் சப்பிதான் மிஞ்சும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முறை தவறித் தண்ணீர் எடுத்தால் தண்டம் என்று சிறுபோகக் கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தினோம். பை அடைத்தவரும் முன்வரிசையில் இருந்து உயர்த்தினார். அந்தத் தண்டப்பணத்தை அறவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். "அவருக்கும் நெல் காய்கிறதுதானே அக்கா" என்று செயலாளர் சொன்னார். எனக்கு மட்டும் மழை பெய்துகொண்டிருக்கிறதாக்கும்.

நம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது நாம் எப்படி ஒன்றாக நின்றோம்! அங்கே விடமாட்டோம் என்ற தண்ணீர் இங்கே ஐந்து யூரியாப் பைகளோடு நின்றுவிட்டது. குளக்கட்டை உயர்த்தி 2018 டிசெம்பரில் திறந்துவைத்தார்கள். இன்னும் நாலடி உயர்த்தினாலும் மூன்றாவது வளைவைத் தாண்டி என்ன வரப்போகிறது? வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்றீர்கள். கணவனை இழந்த நாங்கள்தான் கத்தியோடு முதலில் வந்து நின்றோம். பை அடைத்தவரின் வீட்டிலிருந்து ஆளுக்குப் பதில் சோடாப் பெட்டி வந்தது. அதற்கு நீங்கள் ஒலிவாங்கியில் நன்றி வேறு சொன்னீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்பு என்று கடிதத் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். உறவுக்காரருக்கு வேறு கணக்கு என்று அந்தச் சட்டத்தில் இருப்பதாக நான் அறியேன்.

நானும் உத்தமி அல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து வயலின் முறையில் அரை மணிநேரம் களவாகத் தண்ணீர் எடுத்தேன். யாரும் காணவில்லை. அதற்கும் தண்டம் எழுதுங்கள், கட்டுகிறேன். ஆனால் அவரிடமும் அறவிடுங்கள்.

எனது அடுத்த முறை வருகிற செவ்வாய். அதற்கு முன் இரண்டு பற்றுச்சீட்டுகளையும் வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். பைகள் ஐந்தும் மண் உதறி, கழுவி, என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. உரியவர் வந்து எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
கடைசிக்கு முந்திய வயல்காரி