ஒட்டாவாவிலிருந்து அப்பாவுக்கு: இங்குள்ள பெரிய மரங்கொத்தி

ஒட்டாவா, கனடா
பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். குளிர் இன்னும் குறையவில்லை. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் உடைமேல் உடையாக அணிந்து முடிப்பதற்கே நேரம் போய்விடுகிறது. குழந்தைகள் இதற்கெல்லாம் பழகிவிட்டார்கள். பனியில் விளையாடாத நாள்தான் அவர்களுக்கு வீணான நாள்.

நான் தொலைபேசியில் சொன்ன மரங்கொத்தி, வால்பாறையில் நீங்கள் எனக்குக் காட்டிய அந்தப் பெரிய கரிய மரங்கொத்திதானா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அது அல்ல, ஆனால் அதற்கு நெருங்கிய உறவு. இரண்டும் டிரையோகோபஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; ஐரோப்பாவின் கரிய மரங்கொத்தியும் அதே பேரினம்தான். இங்குள்ளதைப் பைலியேட்டட் மரங்கொத்தி என்கிறார்கள். ஆற்றங்கரையில் மட் லேக் என்ற ஏரியைச் சுற்றியுள்ள சிறு காட்டில் அதை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். மற்ற பறவைகளில் பல இலையுதிர்காலத்தில் தெற்கே போய்விடும்போது, இது தன் இணையோடு அதே எல்லைக்குள் தங்கிவிடுகிறது. அதனாலேயே குளிர்காலத்தில் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

அளவைக் கேட்டிருந்தீர்கள். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 40 முதல் 49 சென்டிமீட்டர் நீளம். ஏறத்தாழ நம் ஊர்க் காக்கையின் அளவு. சிறகை விரித்தால் 66 முதல் 75 சென்டிமீட்டர் அகலம். எடையோ 250 முதல் 350 கிராம்தான். வடக்கே வாழ்பவை ஃப்ளோரிடாவில் வாழ்பவற்றைவிடப் பருத்தவை. உடல் முழுவதும் மங்கிய கறுப்பு. வால்பாறைப் பறவைக்கு இருப்பதுபோல் வெண்ணிற வயிறு இதற்கு இல்லை. அதற்கு ஈடாக, அலகடியிலிருந்து புறப்படும் ஒரு வெண்கோடு கன்னத்தைக் கடந்து, கழுத்தின் பக்கமாக நெஞ்சுவரை இறங்குகிறது. உச்சியில் பின்னோக்கிக் கூம்பி நிற்கும் சிவப்புக் கொண்டையைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள், படமெடுக்கிறார்கள். என் கண்ணுக்கு இதன் அழகு அந்த மெல்லிய நீண்ட கழுத்திலும், அதன்மேல் ஓடும் வெண்கோட்டிலும்தான் இருக்கிறது.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முகத்தைப் பார்க்க வேண்டும். ஆணுக்குச் சிவப்பு நெற்றியிலேயே தொடங்கிக் கொண்டைவரை போகும். அலகின் கீழ்ப்புறம் மீசைபோல ஒரு சிவப்புக் கோடும் உண்டு. பெண்ணின் நெற்றி மங்கிய பழுப்பு, மீசைக்கோடு கறுப்பு. ஆனால் கொண்டை சிவப்புத்தான். நம் ஆனைமலைப் பெண்பறவைக்குத் தலையின் பின்பாதியில் மட்டுமே சிவப்பு இருக்கும் என்று நீங்கள் சொல்லித் தந்தது நினைவிருக்கிறது. அந்தப் பாடம்தான் இங்கே எனக்கு உதவியது. வளர்ந்த பறவையின் கண் வெளிர் மஞ்சள், இளம்பறவையின் கண் பழுப்பு.

அமர்ந்திருக்கும்போது முழுக்கக் கறுப்பாகத் தெரியும் இது, பறக்கத் தொடங்கியதும் வேறு பறவையாகிவிடுகிறது. சிறகின் அடிப்புறத்தில் முன்பாதி முழுவதும் வெண்மை. சிறிய மரங்கொத்திகள் மேலும் கீழுமாக அலைந்து பறக்க, இது சிறகை ஆழமாக, நிதானமாக வீசி, பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறது.

இனி, நீங்கள் முக்கியமாகக் கேட்ட அலகும் தலையும். அலகு ஏறக்குறையத் தலையின் நீளமே இருக்கும். நேரானது, கருஞ்சாம்பல் நிறம், நுனி உளிபோல் தட்டையானது. மூக்குத் துளைகளை மயிர்போன்ற சிறு இறகுகள் மூடியிருப்பதால் மரத்தூள் உள்ளே போவதில்லை. நாக்குதான் எனக்கு மிகப் பெரிய வியப்பு. அதைத் தாங்கும் மெல்லிய எலும்புகள் தாடைக்கு அடியில் தொடங்கி, மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி, உச்சியைக் கடந்து நெற்றிப் பக்கம்வரை வருகின்றன. அவ்வளவு நீளம் மடங்கிக் கிடப்பதால்தான், ஆழமான எறும்புப் புழைக்குள் நாக்கை நீட்ட முடிகிறது. அதன் நுனியில் பின்னோக்கிய சிறு முட்களும், மேலே பசைபோன்ற எச்சிலும் உண்டு.

இவ்வளவு வேகமாக மோதியும் மூளை கலங்காததற்குக் காரணம், மண்டையோடு பஞ்சுபோல அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதுதான் என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் 2022ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் தலைமையிலான ஆய்வாளர்கள், இந்த மரங்கொத்தி உட்பட மூன்று இனங்கள் கொத்துவதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்து அளந்து பார்த்தார்கள். அலகு எவ்வளவு திடீரென நிற்கிறதோ, அதே அளவுக்குத் தலையும் நிற்கிறது. இடையில் எதுவும் அதிர்ச்சியை உறிஞ்சவில்லை. யோசித்தால் அதுவே நியாயம்: தலை மெத்தையாக இருந்தால் கொத்தும் விசையில் ஒரு பகுதி அதற்குள்ளேயே வீணாகியிருக்கும். மூளை மிகச் சிறியது என்பதால்தான் அந்த மோதல் அதற்குத் தீங்கு செய்வதில்லை.

கால்களும் வாலும் இதே தொழிலுக்கானவை. இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருக்கும். செங்குத்தான மரத்தில் ஏறும்போது பின்விரல்களில் வெளிப்புறமுள்ளதைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கிறது. விறைப்பான வாலிறகுகளை மரத்தில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் ஓங்கிக் கொத்துகிறது. இறகு உதிர்க்கும் பருவத்தில், மற்ற வாலிறகுகள் புதிதாக முளைத்த பிறகே நடுவிலுள்ள வலுவான இரண்டும் விழுகின்றன. ஊன்றுவதற்கு வழியில்லாத நாள் என்று ஒன்று அதற்கு வருவதே இல்லை.

இந்த உடலுக்கெல்லாம் அர்த்தம் குளிர்காலத்தில்தான் எனக்கு விளங்கியது. மரத்தைக் குடைந்து வாழும் பெரிய கறுப்பெறும்புகள்தான் இதன் முதன்மை உணவு; அவை உறைபனிக் காலத்தில் மரத்தின் நடுப்பகுதியில் ஒடுங்கிக் கிடக்கின்றன. சிறிய மரங்கொத்தியால் அந்த ஆழத்தை எட்ட முடியாது. இது எட்டுகிறது, அதுவும் செவ்வக வடிவில் நீண்ட குழிகளாகத் தோண்டி. பனியின்மேல் விரல் நீளச் சிராய்கள் குவிந்து கிடந்தால், தலைக்கு மேலே புதிய குழி இருக்கிறது என்று பொருள்.

ஆனால் பெரிய உடலுக்குப் பெரிய மரம் வேண்டும். கூட்டுப் பொந்து 25 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் போகிறது. அதைத் தாங்குமளவு பருத்த, பட்ட மரம் நிற்க வேண்டும். இதைவிடப் பெரியதாக அமெரிக்காவின் தென்பகுதியில் வாழ்ந்த வெள்ளலகு மரங்கொத்தியை, 1944ஆம் ஆண்டு லூசியானாவில் கண்டதற்குப் பிறகு, எல்லோரும் ஏற்கும் சான்றோடு யாரும் பார்க்கவில்லை. அது வாழ்ந்த முதுகாடுகளை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். எஸ்டேட்டில் பட்ட மரங்களை உடனே வெட்டச் சொல்வார்கள் என்றும், நீங்கள் சிலவற்றுக்காக வாதாடி நிறுத்தினீர்கள் என்றும் அம்மா சொல்லியிருக்கிறார். இங்கே நடைபாதைக்கு ஆபத்தில்லாத பட்ட மரங்களைக் காட்டில் அப்படியே நிற்க விடுவதைப் பார்க்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதோடு, 2022இல் திருத்திய கனடாவின் பறவைகள் பாதுகாப்பு விதிகளில் இந்த மரங்கொத்தியின் கூட்டுப் பொந்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பொந்து வெறுமையாக இருந்தாலும், அதை அரசுக்கு அறிவித்து, 36 மாதங்கள் அந்த விதிகள் காக்கும் எந்தப் பறவையும் அதில் குடியேறாதிருந்தால் மட்டுமே அகற்றலாம். மரவாத்துகளும் ஆந்தைகளும் பறக்கும் அணில்களும் பின்னாளில் அந்தப் பொந்துகளில்தான் குடியேறுகின்றன. தாங்களே பொந்து குடைய முடியாத அவற்றுக்கு இப்பறவைதான் வீடு கட்டித் தருகிறது.

ஆனைமலையில் இப்போது அந்தக் கரிய மரங்கொத்தி கூடு வைக்கும் காலம். நீங்கள் பார்த்த பொந்தின் வாய் வட்டமா, நீள்வட்டமா, எந்த மரத்தில், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்குள்ளதன் வாய் நீள்வட்டம். ஏப்ரலில் புதிதாகக் குடையத் தொடங்கும்போது படமெடுத்து அனுப்புகிறேன். மூட்டு வலிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை அம்மா தவறாமல் சாப்பிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்