பேட்டரிக் காசை யார் தருவது?

தமிழ்நாட்டின் மலைக் குடியிருப்புகளுக்குச் சூரிய மின்சாரத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மின்கம்பி போக முடியாத பழங்குடி வீடுகளுக்கு, வீடு ஒன்றுக்கு 50,000 ரூபாய் வரை செலவிட்டுத் தனிச் சூரிய மின் அமைப்பு தர, மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கான பிஎம் ஜன்மன் திட்டத்தில் 2024 தொடக்கத்தில் ஒன்றிய அரசு வழி செய்தது. இலவசமாகத் தருவதில் எங்களுக்கு மறுப்பில்லை. எங்கள் கவலை ஐந்தாம் ஆண்டைப் பற்றியது. அப்போது பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். காசு யாருடையது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். அதற்காகத்தான் கணக்கெடுப்பில் "சோலாருக்கு மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்கப்படுகிறது. கேள்வியே கோணல்.

எதற்கு விலை சொல்வது? கேட்பவர் மனதில் மூன்று பல்பு. பதில் சொல்பவர் மனதில் மிக்ஸி, டி.வி. ஓடும் வீடு. 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் இழப்பு போகச் சுமார் 300 வாட்-மணி தரும் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). 7 வாட் பல்பு மூன்று ஐந்து மணி நேரம் எரிய 105, இரண்டு போன்களுக்கு 20, பேட்டரியில் நேரே ஓடும் 20 வாட் டி.சி. விசிறி எட்டு மணி நேரம் ஓட 160. மொத்தம் 285, சரியாக இருக்கிறது. அடைமழை மாதத்தில் அதே பேனல் 140-ஐத் தாண்டுவதே அரிது. அப்போது விளக்கும் போனும் மட்டும்தான். இதைச் சொல்லிவிட்டு விலை கேளுங்கள். கூடவே மண்ணெண்ணெய், டார்ச் செல், மெழுகுவத்தி, போன் சார்ஜ் போட இறங்கிப் போய்வரும் செலவு ஆகியவற்றையும் கேட்டுக் கூட்டுங்கள். வாயால் சொல்லும் தொகையைவிட இது நம்பகமானது. இலவசம் வரும் என்று நினைப்பவர் குறைத்துச் சொல்வார்; அதிகாரி முகம் கோணக்கூடாது என்று நினைப்பவர் கூட்டிச் சொல்வார்.

இனி பேட்டரிக் கணக்கு. 12 வோல்ட், 75 ஏ.எச். (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள டியூபுலர் வகை ஈய-அமில பேட்டரி 9,000 ரூபாய், ஆயுள் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதம் 150 ரூபாய். கிடைப்பதோ மாதம் 9 யூனிட். அடிவாரத்து வீட்டுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மேலே இருப்பவர் மட்டும் யூனிட்டுக்கு 16 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டுமா? கீழே கொடுக்கும் மானியத்துக்கு ஈடான தொகையை அந்த வீட்டின் பேட்டரிக் கணக்கில் அரசு போடட்டும். மீதியை வீட்டார் தரட்டும். மாதாமாதம் வேண்டாம்: தேன், கடுக்காய், காப்பிப் பழம் கைக்கு வரும் பருவத்தில் வாங்கினால் வரும், ஆடி மாதத்தில் போய் நின்றால் வராது.

காசு நிற்பதற்குப் பெரும்பாலும் வறுமை காரணமல்ல, பழுதுதான். பேட்டரி இறங்கிவிட்டால், அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டி இரவு ஒன்பதுக்கே விளக்கை அணைத்துவிடும், பேட்டரியைக் காக்கத்தான். யாரும் விளக்காததால், வீட்டார் பல்பை நேரே பேட்டரி முனையில் 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள். பேட்டரி அடியோடு இறங்கி, அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் இறுகிப் படியும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. இன்னொன்று ஒயர். மர நிழலுக்குப் பயந்து பேனலைப் பத்து மீட்டர் தள்ளி நட்டு, 1 சதுர மி.மீ. ஒயரில் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். வெயிலில் பேனல் சூடேறினால் அதன் வோல்டேஜும் இறங்கும். பேட்டரி ஒரு நாளும் நிறையாது. 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட். ஒப்பந்தப்புள்ளியில் இந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு என்ன தடை என்று எங்களுக்குப் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் முனையைத் துடைக்கவும் ஊரிலேயே ஒருவருக்குப் பழக்கி, அவருக்கு இந்தப் பேட்டரிக் கணக்கிலிருந்தே கூலி கொடுங்கள்.

வங்கதேசத்தில் 2003-இல் தொடங்கிய திட்டத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முன்பணம் கட்டித் தவணையில் சூரிய மின்சாரம் வாங்கின. ஏழை வீடு காசு தராது என்பார் அதைப் பார்க்கட்டும். பின்னர் மின்கம்பியும் இலவசப் பேனலும் வர, பல வீடுகளில் தவணை கட்டுவது நின்றது. பீகாரின் தர்னாயில் 2014-இல் 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் திறந்தபோதே 'அசல் கரண்ட்', அதாவது கம்பியில் வரும் மின்சாரம், கேட்டனர் ஊரார்; மானிய விலையில் கம்பி மின்சாரம் வந்ததும் அது கைவிடப்பட்டது. ஆகவே, கம்பி வரும் நாளில் வீட்டார் கட்டிய பணத்தின் மீதி திரும்பக் கிடைக்கும் என்று முதல் ரசீதிலேயே, அவர்கள் படிக்கும்படி, அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மலைக் குடியிருப்புகளில் சூரிய மின் அமைப்புகளைப் பொருத்திப் பராமரிப்போர்