தெர்மாமீட்டருக்கு முந்தைய கோடையைப் பூச்சித் தலைகள் சொல்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகம் சூடாவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்தில், தெர்மாமீட்டர் வந்தே சில நூறு வருடங்கள்தான் ஆகின்றன, அப்படியிருக்க 12,000 வருடத்துக்கு முந்தைய கோடையை டிகிரி போட்டுச் சொல்வதெல்லாம் வெறும் ஊகம் என்று எழுதியிருந்தார். சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. அது பூச்சிகளிடம் இருப்பதால், விலங்கியல் பாடம் நடத்திய எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

கைரோனமிட் என்றொரு பூச்சிக் குடும்பம். பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. வண்ணமீன் கடைகளில் தீனியாக விற்கிற சிவப்புப் புழு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இறக்கை முளைத்தபின் சில நாள் வாழ்க்கை, அதற்கு முன்னால் பெரும்பாலான காலம் நீரடியில் புழுவாக. அந்தப் புழு வளர வளரத் தோலுரிக்கும், அதோடு தலை ஓடும் கழன்று சேற்றில் விழும். உடம்பு மக்கிப்போகும், கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆன தலை ஓடு மட்டும் ஆயிரக்கணக்கான வருடம் கெடாமல் கிடக்கும்.

எந்த ஏரியில் எந்த வகை வாழும் என்பதில் கோடை வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆல்ப்ஸ் மலையில் மரமே வளராத உயரத்து ஏரிகளில் சூடோடயமெசா போன்ற குளிர் விரும்பிகள் இருக்கும், கீழே இறங்க இறங்க டைக்ரோடெண்டிபெஸ் மாதிரி வெப்பம் கேட்கிற வகைகள் வரும். நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலுமாக 274 ஏரிகளில் இன்று எந்தப் புழு எவ்வளவு இருக்கிறது, அங்கே ஜூலை மாத வெப்பம் எவ்வளவு என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் பழைய ஏரி ஒன்றில் குழாயை இறக்கி அடிச்சேற்றை நீளத் தண்டாக எடுத்து, துண்டு துண்டாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளக்கி, நுண்சல்லடையில் அலசி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் சிறு இடுக்கியால் தலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். ஒரு துண்டுக்குக் குறைந்தது ஐம்பது தலையாவது வேண்டும். வாய்ப்பகுதியில் இருக்கும் பற்களின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பார்த்து வகையைப் பிரிக்க வேண்டும். எந்த வகை எவ்வளவு என்பதை இன்றைய ஏரிகளின் கணக்கோடு ஒப்பிட்டால் அன்றைய ஜூலை வெப்பம் கிடைக்கும். கண் வலிக்கிற வேலை, இதைச் செய்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே பெரிய மரியாதை உண்டு. சேற்றின் வயதுக்கு, அதில் சிக்கிய இலைகளின் ரேடியோகார்பன் கணக்கு இருக்கிறது. சில சுவிஸ் ஏரிகளில், ஜெர்மனியின் லாகர் ஸே எரிமலை ஏறத்தாழ 13,000 வருடங்களுக்கு முன் கக்கிய சாம்பலும் மெல்லிய அடுக்காகக் கிடந்து வயதுக்கு அடையாளமாக உதவுகிறது.

சரி, இதைச் சரிபார்த்தார்களா? பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் சில்வாப்லானா ஏரியில் வருடத்துக்கு ஓர் அடுக்கு என்று சேறு படிகிறது. 1850 முதல் 2001 வரையிலான அடுக்குகளில் இருந்த தலைகள் சொன்ன ஜூலை வெப்பத்தை, அதே காலத்து வானிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது ஏற்ற இறக்கங்கள் பெருமளவு ஒத்துப்போயின. அளந்து பார்த்த காலத்திலேயே சோதிக்கப்பட்ட முறையை ஊகம் என்று ஒதுக்குவது முறையல்ல.

அதற்காக இது பிழையே இல்லாத கருவி என்று நான் சொல்லமாட்டேன். கணக்கில் சுமார் ஒன்றரை டிகிரி முன்பின் இருக்கும். கரையில் மாடு மேய்ந்தோ ஊர்க்கழிவு கலந்தோ ஏரியடியில் ஆக்சிஜன் குறைந்தால், அதைத் தாங்குகிற வகைகள் பெருகி, வெப்பம் கூடியது போல ஒரு தோற்றத்தைக் கொடுத்துவிடும். மனிதக் கை அதிகம் படாத உயரமான மலை ஏரிகளைத் தேடிப்போவது அதனால்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தப் பூச்சிகள் கோடையை மட்டும்தான் சொல்கின்றன. சுமார் 12,900 முதல் 11,700 வருடங்களுக்கு முன்வரை நீடித்த யங்கர் டிரையாஸ் என்ற கடுங்குளிர்க் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது முடியும்போது கிரீன்லாந்தில் ஆண்டுச் சராசரி சுமார் 10 டிகிரி ஏறியது என்கின்றன அங்குள்ள பழைய பனி அடுக்குகள், மத்திய ஐரோப்பிய ஏரிகளின் தலை ஓடுகளோ ஜூலையில் சில டிகிரி மாற்றத்தைத்தான் காட்டுகின்றன. இரண்டும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் இடமும் வேறு, ஒன்று ஆண்டு முழுவதற்கும் உரியது, மற்றது கோடைக்கு மட்டும். அந்தக் குளிரின் பெரும்பகுதி ஒவ்வோர் ஆண்டின் குளிர்கால மாதங்களில்தான் இறங்கியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பருவத்தைக் குறிப்பிடாமல் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், படிக்கிறவருக்கு விஞ்ஞானிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். அந்த வாசகருக்கு வந்த சந்தேகமும் இப்படி வந்திருக்கக்கூடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழங்கால வெப்பம் என்று ஓர் எண்ணைப் போடும்போது, எதிலிருந்து கிடைத்தது, எந்தப் பருவத்துக்கு உரியது, எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறிதாக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருநெல்வேலி