மூசாருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய சிவப்பு ஒயின்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லெபனானின் ஷாத்தோ மூசார் ஒயினைப் பற்றித் தமிழில் எழுத ஆள் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கோப்பையில் ஓரம் பழுப்பு, காடி வாடை, அடியில் கசடு, ஆகவே கெட்டுவிட்டது என்று மூன்றே வரியில் தீர்ப்புச் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. பாரிஸில் உணவகத்தில் ஒயின் பரிமாறுவதுதான் என் வேலை, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மூசாரை வடிகட்டாமல்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். அதோடு, வருடம் ஆக ஆக நிறமும், திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்புப் பொருளான டானினும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படியும், ஓரத்தில் செங்கல் சாயல் வருவதும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தணிவதும் அந்த மாற்றத்தால்தான். பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்தால் கசடு கழுத்தை நோக்கி வருவது கண்ணுக்குத் தெரியும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உண்மையிலேயே கெட்டது வேறு மாதிரி இருக்கும், நடுவிலும் பழுப்பேறி மங்கிக் கிடக்கும். கார்க்கினால் கெட்டதென்றால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது.

சரி, காடி வாடை? அது மூசாரின் பிறவிக் குணம். அதைக் குறை என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு, சொல்லட்டும், ஆனால் குறை வேறு, கெட்டுப்போவது வேறு. அண்மையில் 2003 மூசார் ஒன்றைத் திறந்தோம். முதல் மோப்பத்தில் நெயில் பாலிஷ் போலச் சுருக்கென்று ஏறியது. குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டோம், அப்புறம் உலர்ந்த அத்திப்பழம், தோல், தேவதாரு மரம் என்று ஒவ்வொன்றாக வந்தது, காடி எங்கோ பின்னால் போய்விட்டது. இதில் சேரும் திராட்சை வகைகள் மூன்று: கபர்னே சோவிங்யோன் கட்டுக்கோப்பைத் தரும், கரின்யான் புளிப்பும் திடமும், சான்சோ மணமும் மென்மையும். இளம் பாட்டிலில் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். பழையதில் எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கலந்து, விழுங்கிய பிறகும் சுவை நீண்டு நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

திராட்சை விளைவது பெக்கா பள்ளத்தாக்கில், ஒயின் ஆவது மலையைத் தாண்டி காசிர் என்ற ஊரில். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்த வழியில்தான் லாரிகள் வந்தாக வேண்டும். 1976-இல் ஒயினே இல்லை. 1984-இல் வழி அடைபட்டு, வந்து சேர்வதற்குள் லாரியிலேயே திராட்சை நொதிக்க ஆரம்பித்துவிட்டது. அப்படியும் அப்போது மூசாரில் ஒயின் தயாரித்த செர்ஜ் ஹோஷார் விடவில்லை. இன்றும் அறுவடையாகி ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். அவ்வளவு பொறுத்து அனுப்பும் ஒயினைத் திறந்த கையோடு மதிப்பெண் போட்டு மூடுவது நியாயமே இல்லை.

இனி சுவைப்புக் குறிப்பு போடும்போது பாட்டில் எப்போது திறந்தது, எவ்வளவு நேரம் காற்றாட விட்டது, என்ன வெப்பத்தில் ஊற்றியது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 18 டிகிரிக்கு மேல் போனாலே இந்தக் காடி வாடை தூக்கலாகத் தெரியும். இன்னொரு பாட்டில் கிடைத்தால் இதே ஒயினை மறுபடியும் சுவைத்து எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், பாரிஸ்