மறுநாளே மதிப்பெண் போட முடியாத தேர்வு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில், அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த மறுநாளே, எந்த அணி சாதித்தது, எந்த அணி கோட்டைவிட்டது என்று மதிப்பெண் பட்டியல் வந்துவிடுகிறது. நம் விளையாட்டுப் பக்கங்களிலும் அது எட்டிப்பார்க்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் எடுத்தவர் சில மாதங்களில் களத்தில் நிற்பார். அங்கே அந்த அவசரம் பொருந்தும். பேஸ்பால் டிராஃப்டில் எடுக்கப்படும் 18 வயதுப் பள்ளி மாணவர் மேஜர் லீக்குக்கு வர 4, 5 ஆண்டுகள் ஆகும். கல்லூரியிலிருந்து வருபவருக்கே 2, 3 ஆண்டுகள் வேண்டும். பலர் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு தீர்ப்பும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 3 ஆண்டு தோற்றது, முதல் தேர்வை 3 முறை வாங்கியது, 2017இல் கோப்பையை வென்றது’ என்பார்கள். முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கே முதல் தேர்வு என்பது அப்போதைய முறை. அந்த அணி 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 ஆட்டங்கள் தோற்றதும், 2012, 2013, 2014 டிராஃப்டுகளில் முதல் பெயரை அறிவித்ததும் உண்மை. ஆனால் ஒவ்வொரு தேர்வையும் தனித்தனியாக வரவு வைத்துப் பார்த்தால் கதை வேறு.

2012இல் முதல் தேர்வு போர்ட்டோ ரிக்கோவின் கார்லோஸ் கொரியா. அந்த இடத்துக்கு லீக் குறித்திருந்த மதிப்பு 72 லட்சம் டாலர். கொரியா 48 லட்சம் போனஸுக்குக் கையெழுத்திட ஒப்புக்கொண்டார். மிச்சமான பணம், 41ஆவது இடத்தில் கிடைத்த பள்ளி மாணவர் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சமும், 4ஆவது சுற்றில் எடுத்த ரியோ ரூயிஸுக்கு 18.5 லட்சமும் கொடுக்க உதவியது. அந்த ஆண்டுதான் புதிய விதி வந்தது: முதல் 10 சுற்றுகளில் ஓர் அணிக்கு உள்ள இடங்களின் மதிப்பைக் கூட்டினால் வருவதே அதன் போனஸ் பை, அதாவது புதிய வீரர்களுக்கு அது தரக்கூடிய மொத்தத் தொகை. அதை 5 சதவீதத்துக்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும். ஆகவே கொரியா, மெக்கல்லர்ஸ், ரூயிஸ் மூவரையும் ஒரே தேர்வாகத்தான் எடைபோட வேண்டும். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் 2017 இறுதித் தொடரின் 7ஆவது ஆட்டத்தில், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராகக் கடைசி 24 பந்துகளையும் வளைந்து இறங்கும் கர்வ் பந்தாகவே வீசி ஆட்டத்தை முடித்தவர் இந்த மெக்கல்லர்ஸ். கொரியா தள்ளுபடிக்கு இசையாமல் இருந்திருந்தால் அந்தக் கை ஹூஸ்டனில் இருந்திருப்பது சந்தேகமே.

2013இல் முதல் தேர்வு மார்க் அப்பெல், 63.5 லட்சம் டாலர். அவருக்கு அடுத்து சிகாகோ கப்ஸ் எடுத்தது, பின்னாளில் நட்சத்திரமான கிரிஸ் பிரையன்ட்டை. அப்பெல் ஹூஸ்டனுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. இதை முட்டாள்தனம் என்று எழுதுவது எளிது. ஆனால் 2012இலேயே பிட்ஸ்பர்க் அவரை 8ஆவதாக எடுத்திருந்தது. அவர்தான் கையெழுத்திட மறுத்தார். அன்று பல அணிகளின் பட்டியலில் மேலே இருந்தவர் அவர். தேர்வு நாளில் தெரிந்ததை வைத்து முடிவையும், பின்னால் நடந்ததை வைத்து விளைவையும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பக் கூடாது. அப்பெலின் வரவு பூஜ்யமும் அல்ல. 2015 டிசம்பரில் பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்ட ஐவரில் அவரும் ஒருவர். அந்த மாற்றில் வந்த கென் கைல்ஸ் 2017இல் 34 ஆட்டங்களில் கடைசியாகப் பந்து வீச வந்து அணியின் முன்னிலையைக் காத்து முடித்தார். வீரர் மாற்றில் கிடைத்ததை, அனுப்பியவர்களின் அன்றைய சந்தை மதிப்புக்கு ஏற்பப் பங்கு பிரித்து அந்தந்த டிராஃப்ட் ஆண்டில் சேர்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் வரி இதுதான்.

2014தான் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஆண்டு. முதல் தேர்வு பள்ளி பிட்சர் (பந்து வீசுபவர்) பிரேடி ஏகன். 65 லட்சம் பேசியாயிற்று. அந்த இடத்தின் மதிப்பு சுமார் 79 லட்சம். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு முழங்கை தசைநார் பற்றிச் சந்தேகம் எழ, ஹூஸ்டன் தொகையைக் குறைத்தது, ஏகன் கையெழுத்திடவில்லை. கையெழுத்து இல்லையென்றால் அந்த இடத்தின் 79 லட்சமும் பையிலிருந்து மறைந்துவிடும். அதனால் 5ஆவது சுற்றில் எடுத்த ஜேக்கப் நிக்ஸுக்குப் பேசியிருந்த 15 லட்சத்தையும் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் அடுத்த ஆண்டின் முதல் தேர்வு போய்விடும். ஒரு கையெழுத்து விழாததால் இரண்டு பிட்சர்கள் போனார்கள்.

ஆனால் குறிப்பிட்ட இடத்தின் மதிப்பில் 40 சதவீதமாவது தருவதாகச் சொல்லியும் வீரர் மறுத்தால், மறு ஆண்டு ஓர் இடம் தள்ளி ஈட்டுத் தேர்வு கிடைக்கும் என்பது அப்போதைய விதி. அப்படிக் கிடைத்த 2015ஆம் ஆண்டின் 2ஆவது இடத்தில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன். ஏகன் 2015 மார்ச்சில் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிரெக்மனை 2014 கணக்கில் எழுதுவதா, 2015 கணக்கிலா? 2014இல்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அந்த இடம் 2014 தேர்விலிருந்து பிறந்தது. ஆண்டுவாரியாக மட்டும் பார்ப்பவர் 2014ஐப் பேரழிவு என்றும் 2015ஐ அற்புதம் என்றும் எழுதிவிடுவார்.

2015இல் 2, 5 என இரண்டு உயர்ந்த இடங்கள் ஒரே அணியிடம் இருந்ததால் பை பருத்திருந்தது. 5ஆவதாக கைல் டக்கர் வந்தார். 37ஆவது இடத்தில் டாஸ் கேமரனுக்கு 40 லட்சம் கொடுக்க முடிந்தது. கேமரனும் 3ஆவது சுற்றில் வந்த கேட்சர் ஜேக் ராஜர்ஸும் 2017 ஆகஸ்ட் 31 அன்று ஃபிராங்க்ளின் பெரெஸுடன் டெட்ராய்ட்டுக்குப் போனார்கள். பதிலுக்கு வந்தவர் நட்சத்திர பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர். டக்கர் 2024 டிசம்பரில் கப்ஸுக்கு மாற்றப்பட்டு மூவர் வந்ததால், 2015இன் கணக்கை அப்போதும் மூட முடியவில்லை.

இப்போது 2017 அணியை மறுபடி பாருங்கள். கோப்பையை முடிவு செய்யும் உலகத் தொடரின் சிறந்த வீரர் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2011இல் 11ஆவது இடத்தில், முந்தைய நிர்வாகம் எடுத்தவர். டாலஸ் கைகல் 2009இல் 7ஆவது சுற்று. 2017இல் அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரரான ஹோசே அல்டூவே டிராஃப்டிலேயே வராதவர். 2007இல் வெனிசுவேலாவிலிருந்து 15,000 டாலருக்கு ஒப்பந்தமானவர். மூன்று முதல் இடங்களில் நேரடியாகப் பலன் தந்தது கொரியா மட்டும்தான். அந்தக் கோப்பையை வைத்து டிராஃப்டை அளப்பதும் சரியல்ல. அந்தப் பருவத்தில் கேமரா மூலம் எதிரணி கேட்சரின் சைகைகளைத் திருடியதற்காக 2020, 2021 ஆண்டுகளின் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளை ஹூஸ்டன் இழந்தது. அவ்விரு ஆண்டுகளை மற்ற அணிகளோடு ஒப்பிடும்போது இந்தக் குறையைக் கழித்தே பார்க்க வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 2009இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் 24, 25 என அடுத்தடுத்து இரண்டு இடங்கள் வைத்திருந்தது. 24ஆவதாக அழைத்தது ராண்டல் கிரிச்சக்கை; 25ஆவதாகத்தான், பின்னாளில் தன் தலைமுறையின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான மைக் டிரவுட். தங்கள் கையில் இருந்த இரண்டு பெயர்களில் அவரை இரண்டாவதாக வைத்த அணிக்கு முழுத் தீர்க்கதரிசனப் பட்டம் கொடுக்கலாமா? 25ஆவது இடத்தின் சராசரிப் பலனைக் கணக்கிடும்போது டிரவுட் ஒருவரே அதை வீங்கவைத்துவிடுவார். அதனால் சராசரியோடு இடைநிலை எண்ணையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 13ஆவது சுற்றில் மேட் கார்பென்டரையும், 21இல் டிரெவர் ரோசன்தாலையும், 23இல் மேட் ஆடம்ஸையும் எடுத்தது. கடைசிச் சுற்றுகளில் ஒருவர் தேறினால் அதிர்ஷ்டம் எனலாம். ஒரே ஆண்டில் மூவர் தேறினால் தேடுபவர்களிடமும் பயிற்சியிலும் ஏதோ இருக்கிறது.

பயிற்சியைத் தேர்விலிருந்து பிரிப்பதுதான் மிகக் கடினம். ஹூஸ்டன் 2009இல் 20ஆவது சுற்றில் எடுத்த ஜே.டி.மார்டினஸை 2014 மார்ச்சில் வெளியேற்றியது. அவர் 2017இல் வேறு அணிகளுக்காக 45 ஹோம் ரன் அடித்தார். தேர்வு சரி, வைத்திருக்கத் தெரியவில்லை. எனவே தேடுபவர்களின் கணக்கில் அவருக்கு வரவு, நிர்வாகத்தின் கணக்கில் பற்று.

அளவுகோல் பற்றியும் ஒரு சொல். ‘வார்’ என்பது, எளிதில் கிடைக்கும் மாற்று வீரரைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்ற எண். பிட்சர்களுக்கு ஒரு புள்ளிவிவர இணையதளம் அவர்கள் விட்டுக்கொடுத்த ரன்களை வைத்துக் கணக்கிடுகிறது. இன்னொன்று ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரைப் பந்துவீச்சிலேயே ஆட்டமிழக்கச் செய்வது), வாக் (தவறான பந்துகளால் அவருக்கு இலவசமாக முதல் தளம் தருவது), ஹோம் ரன்களை வைத்து. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் தவறு வரும். அணிக்கு வீரர் மீது உரிமை உள்ள முதல் 6 சேவை ஆண்டுகளை மட்டும் கூட்ட வேண்டும். 172 நாள் ஒரு சேவை ஆண்டு. பிரையன்ட் 2015இல் 171 நாளோடு முடித்ததால் கப்ஸுக்கு அவர்மீது ஒரு பருவம் கூடுதலாகக் கிடைத்தது. அடுத்து, 6 முதல் 10ஆவது சுற்று வரை சில ஆயிரம் டாலருக்கு எடுக்கப்படும் கல்லூரி இறுதியாண்டு வீரர்களைத் தோல்வி என்று குறிக்காதீர்கள். அவர்களில் பலர் வேறொருவரின் போனஸுக்குப் பணம் மிச்சம் பிடிக்க எடுக்கப்பட்டவர்கள்.

அடுத்த ஜூலையில் டிராஃப்ட் செய்தி வெளியிடும்போது, இடத்தின் மதிப்பு, உண்மையில் கொடுத்த போனஸ், வயது, பள்ளியா கல்லூரியா என்ற நான்கு விவரங்களையும் பெயரோடு சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். அதன் பக்கத்திலேயே அதே அணியின் 7 ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலையும், அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதோடு, போடுங்கள். பாதிப் பத்தி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்