லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைந்ததில் நிம்மதி. இங்கே அம்மா நலம். ராயபுரம் வீட்டு மாடி இன்னும் ஒழுகுகிறது.

சைபர் சட்டம், தரவுத் தனியுரிமை, ஒயிட் காலர் வழக்கு (கத்தி, கம்பு இல்லாத பண மோசடி வழக்கு) என்று உன் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாளாமே. போகட்டும். ஆனால் அது ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்திருந்தால், என் வக்கீல் ஆபீசில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கச் சொல்.

போன மாதம் எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். கரன்ட் அக்கவுன்ட் மொத்தமும் முடக்கம். யாரோ ஒருவர் துணி வாங்கிக்கொண்டு யுபிஐயில் 8,400 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அது வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம். ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்ததும், பணம் போன கணக்குகளையெல்லாம் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஏமாந்தவருக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவர் ஈரோட்டுக்குக் கொடுத்த செக்கெல்லாம் திரும்பிவிட்டன. பில், ஸ்டாக் நோட்டு, கடை கேமராப் பதிவு எல்லாம் சேர்த்து அந்த ஊர் போலீசுக்கு எழுதினோம். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தலாம், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று நம் உயர் நீதிமன்றம் சொன்னதையும் இணைத்தேன். கணக்கு திறந்தது, அந்த 8,400 மட்டும் இன்னும் நிற்கிறது.

அப்புறம், கமிஷனுக்கு ஆசைப்பட்டு பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் எவனிடமோ கொடுத்துவிட்டு மாட்டுகிற தண்டையார்பேட்டைப் பையன்கள். இவர்கள்மேல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் 318(4), இரண்டுமே மோசடிப் பிரிவுகள். கோடிக்கணக்கில் சுருட்டியவன் எங்கேயோ இருக்கிறான், புழலில் இருப்பது இவன். என்னைக் கேட்டால் இதுவும் ஒயிட் காலர் வழக்குதான், காலர் கொஞ்சம் கிழிந்திருக்கும்.

இதில் வக்கீலுக்கு உண்மையான வேலை சாட்சியத்தில்தான். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்து நீட்டிவிட்டு, போதுமா மேடம் என்பார்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க ஒரு சர்டிபிகேட் வேண்டும். நாங்கள் 65பி என்று சொல்லிப் பழகிய அது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர். ஃபைலுக்குக் கைரேகை மாதிரியான ஹேஷ் எண்ணும் எழுத வேண்டும். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். போலீஸ் தரப்பில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் என் குறுக்கு விசாரணை அங்கேதான் ஆரம்பிக்கும்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி வரை போகும் என்று படித்துவிட்டு, வண்ணாரப்பேட்டை ஸ்கேன் சென்டர்க்காரர்கூட ஒப்புதல் படிவம் கேட்டு வந்தார். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் கேட்க அந்தச் சட்டம் மக்களுக்கு உரிமை தருகிறது, அதனால் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். மேசைமேல் பரப்பி வைத்திருக்கும் ஆதார் நகல்களை முதலில் பூட்டி வையுங்கள் என்றும் சொன்னேன்.

ஆகவே அவள் முதலில் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஜாமீன் மனு போடட்டும், எஃப்ஐஆரை வரி வரியாகப் படிக்கட்டும். கம்பெனி வேலைக்கு அப்புறம் போகலாம். ஜூனியருக்கு நான் கொடுப்பது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. என் வீட்டிலேயே தங்கட்டும், வாடகை மிச்சம். எப்போது வருகிறாள் என்று எழுது. ஹிந்தி தெரியுமா என்றும் கேள். வெளிமாநில ஸ்டேஷன்களுக்குப் போன் போட ஆள் இல்லாமல் தவிக்கிறேன்.

அன்புடன்,
மாலா